வெள்ளிக் கிண்ணமும் சிவந்த நாக்குகளும்

அத்தியாயம் 9

“நாக்கை நீட்டுங்க! எல்லாரும் நல்லா நீட்டுங்க!”

துப்பறியும் வெங்கடாசலம் போட்ட அதட்டலில், மக்ரே துரை பங்களாவின் பின்வாசலில் நின்ற எஸ்டேட் சனங்கள் நாக்கை நீட்டினார்கள். பெரியவர், சின்னவர், சமையல்காரர், மாட்டுக்காரர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. வெங்கடாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாக்காகக் குனிந்து பார்த்தபடி நடந்தார். அவருக்குப் பின்னால், சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டு உதவியாளன் சின்னையன் வந்தான்.

“சார், நாம இப்பத் துப்பறியறமுங்களா, வைத்தியம் பாக்கறமுங்களா?”

“வாயை மூடு.”

“ஊரையே தொறக்கச் சொல்லிப்போட்டு என்னைய மட்டும் மூடச் சொல்றீங்க.”

விஷயம் இதுதான். நேற்று அக்டோபர் மாதத்தின் கடைசி நாள். அன்று சாயங்காலம் துரைமார் வீட்டுப் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டிக்கொண்டு பங்களா பங்களாவாகப் போய் மிட்டாய் வாங்குவது அவர்கள் சீமை வழக்கம். அதற்காக மக்ரே துரையின் மனைவி பட்டணத்திலிருந்து சிவப்பு மிட்டாய் வரவழைத்து, தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணம் நிறையக் கொட்டி, சாப்பாட்டு அறை அலமாரியில் வைத்திருந்தாராம். பிள்ளைகள் வரும் நேரத்தில் பார்த்தால் கிண்ணத்தோடு மாயம். வேறு வேலையாகச் சேலத்திலிருந்து வந்து ஏற்காடு லாட்ஜில் தங்கியிருந்த வெங்கடாசலத்துக்கு, விடிந்ததும் விடியாததுமாக ஆள் வந்துவிட்டது.

“பேய் வேஷம் போட்டாத்தான் மிட்டாயாமுங்க சார்,” என்று வரும் வழியெல்லாம் சின்னையன் அங்கலாய்த்தான். “எங்க ஊர்ல பேய் வேஷம் போடாமயே வருது. அதுக்கு ஒரு வெல்லக்கட்டி குடுக்க நாதி இல்லை.”

மிட்டாய்ச் சாயம் லேசில் போகாது என்பதை வெங்கடாசலம் வந்தவுடனே கண்டுகொண்டார். டின்னில் மிச்சமிருந்த ஒன்றைச் சின்னையன் வாயில் போட்டு, தேங்காய் நார் கொண்டு தேய்க்காத குறையாகக் கழுவச் சொல்லிப் பார்த்தார். நாக்கு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்தது சிவந்தபடியே நின்றது. ஆக, தின்றவரின் நாக்கே சாட்சி. தன் யோசனையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ஆனால் பிள்ளைகளின் நாக்குகள் பிள்ளைகளின் நாக்குகளாகவே இருந்தன. பெரியவர்களில் பாதிப் பேருக்கு வெற்றிலைச் சிவப்பு. அது வேறு சிவப்பு, காவி கலந்தது. கடைசியாக நின்றவள் வீராயி. பங்களாவுக்குள் பெருக்கித் துடைக்கிற பெண். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நாக்கை நீட்டு.”

வீராயி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“நீட்டச் சொன்னேன்!”

“மாமனார் நிக்கறாருங்க. கொழுந்தன் நிக்கறாங்க. இத்தன ஆம்பளைங்க முன்னாடி நாக்கை நீட்டச் சொன்னா நா என்ன சந்தையில நிக்கற மாடுங்களா? நா எடுக்கலீங்க. அதுக்கு மேல என்னைய ஒன்னும் கேக்காதீங்க.”

“எடுக்காதவளுக்கு நாக்கைக் காட்ட என்ன பயம்?”

“பயமில்லீங்க. கூச்சமுங்க.”

வெங்கடாசலம் துரையின் பக்கம் திரும்பினார். “அலமாரி இருக்கிற அறைக்குள் போய் வருகிறவள் இவள் ஒருத்தி. இத்தனை பேரில் நாக்கை மறைக்கிறவளும் இவள் ஒருத்தி. நான் வேறு என்ன சொல்ல வேண்டும்?”

ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பொழுது இறங்குவதற்குள் வீராயி குடும்பத்தோடு கூலிக்காரர்களுக்கான லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். துரைசானி அம்மாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீராயியின் புருஷன் வேடியப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான். ஒரு எஸ்டேட்டில் திருடி என்று பெயர் வாங்கினால் அந்த மலையில் வேறு எந்த எஸ்டேட்டிலும் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் போய்ச் சேரும் முன்பே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

வெங்கடாசலம் அப்போதே வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சமையல்காரர் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் லாட்ஜுக்குக் கிளம்பினார்.

முன்வாசல் கேட்டைத் தாண்டும்போது சின்னையன் நின்றான்.

“சார், இந்த எறும்பெல்லாம் எங்க போகுதுங்க?”

“எறும்பு எங்கே போனால் நமக்கு என்ன?”

“இல்லீங்க, சுண்ணாம்பு அடிச்ச கல்தூணுங்க. மேல திங்கறதுக்கு என்ன இருக்குதுன்னு இத்தன கூட்டம் ஏறுது?”

வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். தூணின் தலையில், ராத்திரித் தூறலில் கரைந்து வழிந்த சிவப்புக் கறை இரண்டு மூன்று. அதைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது.

“ஓ! வீராயி தூக்கிக்கிட்டுப் போறப்போ கைவலிக்குதுன்னு இங்க வெச்சு இளைப்பாறினாளாட்டம் இருக்குதுங்க,” என்றான் சின்னையன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

“உளறாதே. லைன் வீடுகள் பங்களாவுக்குப் பின்னால் இருக்கின்றன. திருடினவள் ஊர் பார்க்கிற முன்வாசல் வழியாக வந்து, ரோட்டைப் பார்த்த தூண்மேல் எதற்காகக் கிண்ணத்தை வைக்கிறாள்?”

“அதைத்தானுங்க நானும் கேக்கறேன்.”

வெங்கடாசலம் லாட்ஜுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, கேட்டுக்கு முன்னால் வாழவந்தி என்கிற மலையூர்ப் பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். சாயங்காலத்தில் இந்தக் கேட்டைத் தாண்டி மலையூருக்குத் திரும்புகிறவர்கள் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பனி இன்னும் விலகவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எதிரே விறகுச் சுமையோடு ஒரு மலைக்காரர் வந்தார். முறுக்கிய மீசை, கணுக்காலுக்கு மேலே கட்டிய வேட்டி. ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் புடைத்திருந்தது.

“பல் வலியுங்களா?” என்று சின்னையன் பரிவோடு கேட்டான்.

“இல்லீங்க, மிட்டாயுங்க,” என்று சொல்லி அவர் சிரித்தார். நாக்கு செக்கச் செவேலென்று இருந்தது.

வெங்கடாசலத்துக்குத் தூக்கி வாரிப் போட்டது. “யார் கொடுத்தது?”

“ஆரும் குடுக்கலீங்க. நாந்தான் எடுத்தேன். நேத்துப் பொழுது சாயற நேரம் சந்தைக்குப் போய்ட்டு வந்தனுங்களா, அந்தப் பங்களா கேட்டுத் தூணு மேல ஒரு கிண்ணம் நெறைய வெச்சிருந்துது. கிண்ணத்தோட எடுத்துக்கிட்டு ஊருக்குப் போய்ட்டேன்.”

சின்னையன் வெங்கடாசலத்தின் காதருகே குனிந்தான். “சார், குத்தவாளி கெடைச்சிட்டாருங்க. இனிக் குத்தத்தைத்தான் தேடோணும்.”

மலைக்காரரின் பெயர் பொன்னுவேல். கிண்ணம் எங்கே என்று கேட்டதும், வீட்டில்தான் இருக்கிறது, வாருங்கள் என்று சுமையைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். ஓடுகிற நினைப்பும் இல்லை, ஒளிக்கிற நினைப்பும் இல்லை. வாழவந்தி போய்ச் சேரும் வரை, எதிர்ப்பட்ட எல்லார் நாக்கும் சிவப்பாகவே இருந்தது. கிழவர் ஒருவர் பொக்கை வாயைத் திறந்து காட்டி, “பட்டணத்து இனிப்புங்க!” என்று சந்தோஷப்பட்டார்.

பொன்னுவேலின் வீட்டு வாசலில் அவர் மனைவி கண்ணம்மாள் புதுச் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய்மேல், சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்த வெள்ளிக் கிண்ணம் பளபளவென்று இருந்தது.

“இதைப் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே?” என்றார் வெங்கடாசலம். குரல் முன்பு மாதிரி எழும்பவில்லை.

“வெறும் ஏனத்தை எப்பிடிங்க திருப்பிக் குடுக்கறது?” என்றார் கண்ணம்மாள். “ஒருத்தர் ஊட்டு ஏனம் நெறைஞ்சு வந்தா நெறைஞ்சுதானுங்க போகோணும். நேத்து ஊட்டுல ஒன்னும் இல்லை. விடியறப்போதான் சாமையைக் குத்தினேன். இந்தா, ஆயிப்போச்சு. மத்தியானம் கொண்டுபோலாம்னு இருந்தோமுங்க.”

“அது இருக்கட்டும். ஆளில்லாத இடத்தில் வைத்ததை எடுக்கலாமா? எடுத்தாலும் ஆளுக்கு ஒன்று எடுக்கக் கூடாதா? மொத்தத்தையுமா தூக்கிக்கொண்டு வருவது?”

பொன்னுவேலுக்குக் கேள்வியே புரியவில்லை. விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “ஏனுங்க, பாதையோரம் ஒருத்தர் பண்டத்தை வெச்சுட்டு உள்ள போய்ட்டாங்கன்னா அது வேண்டுதலுங்களே. மலைச்சாமி சேர்வராயனுக்கு நேந்துக்கிட்டவங்க பொரியும் வெல்லமும் அப்பிடித்தான வெக்கறாங்க. வெச்சவங்க அங்க நிக்கக் கூடாது. நின்னு ஆரு எத்தன எடுக்கறாங்கன்னு பாத்தா அது வேண்டுதல் ஆகுமுங்களா? வழியில வர்ற மொத ஆளு முழுசா ஊருக்கு எடுத்துட்டுப் போகோணும். ஊடு ஊடாக் கூறு போடோணும். ஒன்னை மட்டும் தின்னுபோட்டு மிச்சத்தை நாய் நரிக்கு உட்டுட்டுப் போனா, வேண்டினவங்களுக்குப் பலிக்காதுங்க.”

“வெள்ளைக்காரத் துரைசானிக்கு இங்கே என்ன வேண்டுதல் இருக்கப் போகிறது?”

கண்ணம்மாள் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அவுங்களுக்குக் கொழந்தை இல்லீங்களே. இனிப்பை வெச்சா வேற எதுக்குங்க வெப்பாங்க? ஊரே தின்னுபோட்டு, அந்தம்மா மடி நெறையோணும்னு சேர்வராயனைக் கும்பிட்டோம். நீங்க எதுக்குங்க இத்தன தூரம் வந்தீங்க?”

“கிண்ணம்... பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்,” என்றார் வெங்கடாசலம். வாழ்க்கையில் எத்தனையோ பொய்களைப் பிடித்தவர், இத்தனை மோசமாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை. சின்னையன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான்.

மத்தியானம் தாண்டியபோது நால்வரும் பங்களா முன்வாசலில் நின்றார்கள். துரை வெளியே வந்தார். பொன்னுவேலின் கையில் கிண்ணத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “அப்படியானால் இவன்தான் திருடன்!” என்று இங்கிலீஷில் கத்தினார்.

“அவசரப்படாதீர்கள், துரை. காலையில் நான் அவசரப்பட்டதே போதும்,” என்று வெங்கடாசலம் அதே பாஷையில் சொன்னார். பிறகு வராந்தாவில் நின்ற துரைசானியைப் பார்த்தார். “அம்மணி, கிண்ணம் அலமாரியில் இருந்தது என்றீர்கள்.”

“ஆமாம்.”

“உங்கள் கேட் தூணில் எறும்பு ஏறுகிறது. கரைந்து கிடப்பது உங்கள் மிட்டாய். நேற்றுச் சாயங்காலம் இந்த மனிதர் கிண்ணத்தை எடுத்தது அங்கிருந்துதான். அதை அங்கே வைத்தது யார்?”

துரைசானி கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். இங்கிலீஷ் புரியாத கண்ணம்மாள், இதுதான் சமயம் என்று நினைத்து, சாமை நிறைந்த கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

“அம்மணி, உங்க ஏனமுங்க. ஒரு மிட்டாய்கூட வீணாப் போகலீங்க. அடுத்த வருசம் கொழந்தையோட நீங்களே கோயிலுக்கு வந்து வெக்கோணும்னு சொல்லி எல்லாரும் கும்பிட்டிருக்கறமுங்க.”

துரைசானிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். கிண்ணத்தை வாங்கினார். வாங்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் ரத்தம் ஏறிச் சிவந்துபோயிருந்தது.

“எங்கள் ஊரில் அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்து வாசலில் நிற்க வேண்டும்,” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “பிள்ளைகள் வந்து பாடுவார்கள். பாட்டைக் கேட்டு, முகமூடிக்குள் இருப்பது யார் பிள்ளை என்று கண்டுபிடித்து, கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நின்றேன். இது யார் பிள்ளை, அது யார் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி... இந்த வருஷம் என்னால் முடியவில்லை. கிண்ணத்தைத் தூணில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு மிட்டாயை நாய்க்குச் சோறு வைப்பது மாதிரி வெளியே வைப்பது எங்களில் பெரிய அவமரியாதை. அப்புறம் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து கதவைத் தட்டி, ஏன் வீடு இருட்டாக இருக்கிறது என்று கேட்டார்கள். கிண்ணமும் தூணில் இல்லை. திருட்டுப் போய்விட்டது, அலமாரியிலிருந்து போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் வீராயியின் பெயரைச் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை.”

அது உண்மைதான். வெங்கடாசலம் யோசித்துப் பார்த்தார். அந்தப் பெயரைச் சொன்னது அவர்தான்.

“சரி, சரி. எஸ்டேட் கணக்கு ரைட்டரிடம் சொல்லி அந்தப் பெண்ணை இருக்கச் சொல்லிவிடலாம்,” என்று துரை விஷயத்தை முடிக்கப் பார்த்தார்.

“வேண்டாம். நான் போகிறேன்,” என்று துரைசானி எழுந்தார்.

லைன் வீட்டு வாசலில் அடுப்புச் சட்டி, கோழிக்கூடை, துணி மூட்டை எல்லாம் வெளியே வந்துவிட்டன. வேடியப்பன் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. காப்பிப் பழம் எடுப்பு ஆரம்பித்த நேரம். லைன் சனம் அத்தனையும் காப்பிக் காட்டில் இருந்தது.

துரைசானி வீராயியின் முன்னால் நின்றார். “நான்தான் பொய் சொன்னேன், வீராயி. நீ எடுக்கவில்லை. யாரும் திருடவில்லை. நீ போகாதே,” என்றார்.

வீராயி அவரைப் பார்த்தாள். “செரிங்க அம்மணி,” என்றாள். அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. துரைசானி வந்த வழியே திரும்பிப் போனார்.

வெங்கடாசலம் முன்னால் வந்தார். காலையில் நீ, வா, நீட்டு என்று பேசிய வாய். “தப்பு என்னுடையதுங்க அம்மா. கூச்சத்தைக் குற்றம் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.”

“எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?” என்றாள் வீராயி. “நா எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரருக்கும் தெரியும். காலைல நீங்க பேசினப்போ எஸ்டேட்டே நின்னு கேட்டுதுங்க. இப்ப எங்க ரெண்டு பேருக்குச் சொல்லிப்போட்டுப் போய்ட்டா, நாளைக்கு நா எந்த மொகத்தோட தண்ணிக்குப் போறது?”

மூட்டையைப் பிரிக்கும்படி வேடியப்பனிடம் அவள் சொல்லவில்லை. அவனும் கயிற்றை விடவில்லை.

வெங்கடாசலம் ரைட்டரிடம் ஓடினார். மணி அடித்து எல்லாரையும் பங்களாவுக்குக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். பழம் எடுக்கிற நேரத்தில் வேலையை நிறுத்தத் துரை ஒப்ப மாட்டார் என்று பதில் வந்தது. குற்றம் சாட்டுவதற்கு நிறுத்திய வேலையை, குற்றமில்லை என்று சொல்வதற்கு நிறுத்த மாட்டார்களாம். ஆகவே அவர் காப்பிக் காட்டுக்குள் இறங்கினார்.

செடி செடியாக, வரிசை வரிசையாக நின்று சொல்லிக்கொண்டே போனார். “வீராயி எடுக்கவில்லைங்க. நான் சொன்னது தப்புங்க.” சிலர் தலையாட்டினார்கள். சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். ஒருவர், “அப்ப எங்க நாக்கைப் பாத்ததும் சும்மாதானுங்களா?” என்று கேட்டார். அதற்கும் நின்று, சும்மாதான், அதுவும் தப்புத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நிழல் மரங்களிலிருந்து சொட்டிய நீரில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. சின்னையன் பின்னாலேயே வந்தான். கிண்டல் செய்ய ஆயிரம் இருந்தது. அவனுக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் மேட்டுக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் விடியும் முன்பே ஏறி வந்துவிட்டவர்கள். காலையில் பங்களாப் பக்கமே வராதவர்கள். அது வெங்கடாசலத்துக்குத் தெரியாது. இடுப்பில் கூடையோடு நின்ற அத்தாயி என்கிற பெண்ணிடம் போய், “வீராயி திருடவில்லைங்க அம்மா,” என்றார்.

அத்தாயியின் கை பழத்தின்மேல் நின்றது. “என்னுங்க இது? வீராயியைத் திருடின்னாங்களா?”

சுற்றி இருந்த செடிகளுக்குள்ளிருந்து தலைகள் எழும்பின. திருடியாமா, யாரு, நம்ம வீராயியா என்று பேச்சு மேட்டில் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போயிற்று. இதுவரை அந்தச் சொல் வராத இடத்துக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெஞ்சு கூசி நின்றார்.

“அந்தப் புள்ள கீழ கெடக்கற ஊசியைக் கூட எடுத்துக் குடுத்துப்போட்டுத்தானுங்க போகும்!” அத்தாயிக்குக் கோபம் பொங்கிவிட்டது. கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். “எந்தப் பாவிங்க அப்பிடிச் சொன்னது? ஆருன்னு சொல்லுங்க!”

வெங்கடாசலம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான்தாங்க அம்மா.”